காசு கட்டாமல் பிடிஎஃப் கோப்பைத் திருத்துவதும் கையெழுத்துப் போடுவதும்

கேட்டது இதுதான்: பத்துப் பக்க ஒப்பந்தம் ஒன்று மின்னஞ்சலில் பிடிஎஃப் கோப்பாக வந்திருக்கிறது. பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது, இரண்டு மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். போய்ப் பார்த்த தளங்கள் எல்லாம் இலவசம் என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்து டவுன்லோடு பட்டனை அழுத்தும்போது கார்டு எண்ணைக் கேட்கின்றன. பணம் கட்டாமல் முடிக்க வழி உண்டா?

உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் புதிதாக எதையும் நிறுவக்கூடத் தேவைப்படாது. வேண்டியது கணினியிலோ கைப்பேசியிலோ ஏற்கெனவே இருக்கும். ஆனால் மென்பொருளைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்களுக்கு ஆக வேண்டிய வேலை எது? 'எடிட் பண்ணணும்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் நாலு வேலைகள் இருக்கின்றன. இருக்கும் எழுத்தைத் தொடாமல் பக்கத்தின் மேலே எழுதுவது, பக்கங்களைச் சேர்ப்பது பிரிப்பது, உள்ளே இருக்கும் சொற்களையே மாற்றுவது, கையெழுத்துப் போடுவது. இதில் உள்ளே இருக்கும் சொற்களை மாற்றுவது மட்டும்தான் கஷ்டம். பணம் கேட்கும் மென்பொருள்கள் முக்கியமாக விற்பதும் அதைத்தான். உங்கள் கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கு அது தேவையே இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிடிஎஃப் என்பது அச்சடித்த தாளுக்குச் சமம். அடோபி நிறுவனம் 1993இல் இதை வெளியிட்டபோது நோக்கமே அதுதான்: எந்தக் கணினியில் திறந்தாலும், எந்தப் பிரின்டரில் எடுத்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதனால் கோப்புக்குள் 'இது ஒரு பத்தி, இது ஒரு வாக்கியம்' என்ற கணக்கு பெரும்பாலும் இருக்காது. 'இந்த எழுத்து வடிவத்தை, இந்த அளவில், இடப்பக்கத்திலிருந்து இத்தனை, கீழிருந்து இத்தனை தூரத்தில் வை' என்கிற கட்டளைகள்தான் வரிசையாக இருக்கும். வேர்டில் ஒரு சொல்லை நுழைத்தால் அடுத்தடுத்த வரிகள் தானாக நகர்ந்து இடம் விடும். பிடிஎஃப்பில் அப்படி நகர்வதற்கு எதுவும் இல்லை.

எழுத்துருவிலும் ஒரு சிக்கல் உண்டு. கோப்பு பெருத்துவிடக் கூடாது என்பதற்காக, அந்த ஆவணத்தில் பயன்பட்ட எழுத்துகளின் வடிவங்களை மட்டுமே பொதுவாக உள்ளே வைப்பார்கள். உங்கள் அழைப்பிதழ் ஒன்றில் எண் என்று இருப்பது '10.30' மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். அதை '11.45' ஆக்கப் போனால், 4, 5 என்ற எண்களின் வடிவமே அந்தக் கோப்பில் இருக்காது. திருத்தும் மென்பொருள் வேறு ஏதாவது ஓர் எழுத்துருவிலிருந்து அவற்றைக் கடன் வாங்கும். திருத்திய இடம் மட்டும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தனியாகத் தெரிவது இதனால்தான். பணம் கட்டி வாங்கிய மென்பொருளிலும், அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் இதே கதிதான்.

தமிழில் இது இன்னும் மோசம். 'கொ' என்ற எழுத்து பக்கத்தில் ஒற்றைக் கொம்பு, 'க', துணைக்கால் என்று மூன்று துண்டுகளாக இடமிருந்து வலமாக வரையப்பட்டிருக்கும். கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடிலோ 'க' முதலில், ஒகரக் குறி அதற்கு அப்புறம். இந்த இரண்டையும் இணைக்கும் அட்டவணை கோப்பில் சரியாக அமையாவிட்டால், காப்பி எடுத்து ஒட்டும்போது கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு என்றால், ஒட்டியதும் தமிழே வராது. ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். இதைப் பார்த்துக் கணினியில் ஏதோ கோளாறு என்று பயப்படாதீர்கள். கோப்பு உருவான விதம் அப்படி.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

கட்டங்களை நிரப்புவது, பக்கத்தின் மேலே எழுதுவது ரொம்பச் சுலபம். 2008இல் பிடிஎஃப் ஐஎஸ்ஓ 32000 என்ற பொதுத் தரமாகிவிட்டது; யார் வேண்டுமானாலும் அதற்கான மென்பொருள் எழுதலாம். அதனால் உலாவிகளிலேயே இந்த வசதி வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 2022 அக்டோபரில் வந்த 106ஆம் பதிப்பிலிருந்து பிடிஎஃப்பைத் திறந்து மேலே எழுதலாம், வரையலாம். மறு ஆண்டு வந்த 119ஆம் பதிப்பிலிருந்து படமும் ஒட்டலாம். விண்டோஸில் எட்ஜ் உலாவியிலும் எழுதவும் வரையவும் வசதி இருக்கிறது. மேக்கில் பிரிவியூ இருக்கிறது. என்னைக் கேட்டால் கூடவே வரும் மென்பொருள்களில் அதுதான் சிறந்தது. ஐஃபோனில் ஃபைல்ஸ் செயலியில் கோப்பைத் திறந்து பேனா படத்தைத் தொட்டால் போதும். எதுவுமே சரிவரவில்லை என்றால் அடோபியின் அக்ரோபேட் ரீடர் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'ஃபில் அண்ட் சைன்' என்ற பகுதியைத் திறங்கள். அதைச் சுற்றிப் பணம் கட்டச் சொல்லும் பட்டன்கள் நிறைய இருக்கும், அவற்றைத் தொட வேண்டியதில்லை.

மேலே எழுதும்போது தமிழ் உடைந்தோ கட்டம் கட்டமாகவோ வருகிறதா? அந்தச் சொல்லை வேறு இடத்தில் தட்டச்சு செய்து, திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து, படமாக ஒட்டிவிடுங்கள். அழகான வழி என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே திறந்தாலும் உடையாது.

சில படிவங்களைத் திறந்தால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம் மட்டும் வந்து நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. அவை எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய வகைப் படிவங்கள். கோப்பு கெட்டுப்போகவில்லை; அக்ரோபேட் ரீடரிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ திறந்தால் நிரப்ப முடியும். ஃபயர்ஃபாக்ஸ் 93ஆம் பதிப்பிலிருந்து இவ்வகைப் படிவங்களைக் காட்டுகிறது.

நிரப்பிய பிறகு ஒரு வேலை இருக்கிறது, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை நான் நாலு பக்க விண்ணப்பம் ஒன்றை ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, 'காலிப் படிவத்தை அனுப்பியிருக்கிறீர்கள்' என்று பதில் வந்தது. என் கணினியில் திறந்தால் எல்லாம் நிரம்பியிருந்தது. அவர்கள் கணினியில் ஒன்றும் தெரியவில்லை. காரணம் இதுதான்: நாம் மேலே எழுதுவது பக்கத்தோடு கலந்துவிடுவதில்லை. கண்ணாடித் தாளில் எழுதி மேலே வைத்த மாதிரி தனி அடுக்காக இருக்கும். எதிரே இருப்பவரின் மென்பொருள் அந்த அடுக்கைச் சரியாகக் காட்டாவிட்டால் அவருக்குத் தெரிவது வெறும் படிவம். இதற்கு மருந்து, அடுக்குகளை ஒன்றாக அழுத்திவிடுவது. கோப்பைத் திறந்து பிரின்ட் கொடுங்கள். ஆனால் பிரின்டருக்குப் பதிலாக விண்டோஸில் 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்பதையும், மேக்கில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். புதிதாக வரும் கோப்பில் எழுத்தும் கையெழுத்தும் பக்கத்தோடு பக்கமாகிவிடும். அன்றிலிருந்து நான் இப்படிச் செய்யாமல் எந்தப் படிவத்தையும் அனுப்பியதில்லை. நிரப்பிய மூலக் கோப்பையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு கட்டத்தை மாற்றச் சொன்னால் அதுதான் கைகொடுக்கும்.

பக்கங்களைச் சேர்ப்பது, பிரிப்பது, திருப்புவது: இதற்கு யாரும் ஒரு காசுகூடச் செலவழிக்கத் தேவையில்லை. மேக் பிரிவியூவில் ஓரத்தில் தெரியும் சிறுபக்கங்களை இழுத்துப் போட்டாலே வேலை முடிந்தது. விண்டோஸிலும் லினக்ஸிலும் பிடிஎஃப் அரேஞ்சர், பிடிஎஃப்சாம் பேசிக் என்று இரண்டு திறமூல (ஓபன் சோர்ஸ்) மென்பொருள்கள் இருக்கின்றன. முன்னதில் பக்கங்களைக் கண்ணால் பார்த்து நகர்த்தலாம். நிறையக் கோப்புகளை ஒரே மூச்சில் இணைக்கப் பின்னது வசதி.

உள்ளே இருக்கும் சொற்களை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் மூலக் கோப்பைத் தேடுங்கள். அந்த பிடிஎஃப் எதிலிருந்து பிறந்தது? வேர்டோ, எக்செல்லோ, கூகுள் டாக்ஸோ, ஏதோ ஒன்று யாரிடமோ இருக்கும். 'மூலத்தைக் கொஞ்சம் அனுப்புங்கள்' என்று ஒரு வரி எழுதிக் கேட்பது எந்த மென்பொருளையும்விட வேகமானது. மூலம் கிடைக்கவே இல்லை என்றால் லிபர்ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள டிரா என்ற பகுதியில் பிடிஎஃப்பைத் திறங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பெட்டியாக வரும். ஒரு தேதி, ஓர் எழுத்துப்பிழை, ஒரு தொலைபேசி எண் என்ற அளவுக்கு நன்றாக வேலை செய்யும். பத்தி பத்தியாக மாற்றப் போனால் அழுகை வந்துவிடும், வேண்டாம். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டால் பக்கத்தின் தோற்றமே மாறிவிடுகிறது. அதனால் சேமிப்பதற்கு முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறைய மாற்ற வேண்டும், வடிவமைப்பு போனாலும் பரவாயில்லை என்றால் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களில் இருக்கும் தமிழையும் அது படித்துத் தட்டச்சு எழுத்தாக்கித் தரும். அச்சு தெளிவாக இருந்தால் வியக்கும்படி இருக்கும். மங்கலாக இருந்தால் ற, ர குழப்பமும் விட்டுப்போன புள்ளிகளுமாக வரும். எழுத்தெழுத்தாகச் சரிபார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். கோப்பை வெளியே ஏற்ற மனமில்லாதவர்களுக்கு டெஸராக்ட் என்ற திறமூல நிரல் இருக்கிறது, தமிழும் தெரியும், உங்கள் கணினியிலேயே ஓடும். அதை வைத்து இயங்கும் ஓசிஆர்மைபிடிஎஃப், ஸ்கேன் பக்கத்தின் தோற்றத்தைக் கலைக்காமல் அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்த்துத் தரும். அதன் பிறகு கோப்புக்குள் சொல்லைத் தேடலாம், காப்பி எடுக்கலாம்.

நீங்களே பிடிஎஃப் உருவாக்குபவர் என்றால் ஒரு வசதியைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். லிபர்ஆபிஸில் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும் பெட்டியில் 'ஹைபிரிட் பிடிஎஃப்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதை டிக் செய்தால் மூல ஆவணமும் பிடிஎஃப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பவர்களுக்கு அது சாதாரண பிடிஎஃப். நீங்கள் லிபர்ஆபிஸில் திறந்தால் பத்தி, அட்டவணை எல்லாம் அப்படியே திருத்தும் நிலையில் வரும். ஐந்து வருடம் கழித்து மூலம் எங்கே என்று தேடி அலைய வேண்டாம்.

இனி கையெழுத்து. இங்கேதான் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரண்டு விஷயங்கள் உலவுகின்றன.

ஒன்று, உங்கள் கையெழுத்தின் படம். கோடில்லாத வெள்ளைத் தாளில் அடர்த்தியான பேனாவால், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். நிழல் விழாமல் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பின்னணியை நீக்க, படம் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பில் 'கலர் டு ஆல்ஃபா' என்ற கட்டளை இருக்கிறது. வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் தாள் மறைந்து மைக்கோடு மட்டும் நிற்கும். பிஎன்ஜி வகையாகச் சேமியுங்கள், ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணி நிற்காது. பின்னணியை நீக்காமல் ஒட்டினால் கோட்டின் மேலே சாம்பல் நிறப் பெட்டி ஒன்று விழுந்து, வெட்டி ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும். மேக்கில் இந்தப் பாடு எதுவும் இல்லை: பிரிவியூவில் கையெழுத்துத் தாளை கேமராவுக்கு முன் பிடித்தால் அதுவே பின்னணியை நீக்கிச் சேமித்துக்கொள்ளும். தொடுதிரையில் விரலால் போடுவது அவசரத்துக்கு உதவும், ஆனால் பலருக்கும் சொந்தக் கையெழுத்து மாதிரியே வராது. அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப் குழுவிலோ பொதுக் கணினியிலோ விட்டுவைக்காதீர்கள். கையில் கிடைத்தவர் யார் வேண்டுமானாலும் அதை எந்தப் பக்கத்திலும் ஒட்டலாம்.

இன்னொன்று, டிஜிட்டல் கையொப்பம். இதற்கும் உங்கள் கையெழுத்தின் வடிவத்துக்கும் சம்பந்தமே இல்லை. மென்பொருள், கையொப்பம் போய் அமரும் இடத்தைத் தவிர்த்துக் கோப்பின் மற்ற பைட்டுகளை எல்லாம் படித்து ஹாஷ் என்ற ஒரு எண்ணைக் கணக்கிடும். உங்களிடம் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவியால் அந்த எண்ணுக்கு முத்திரையிட்டு, உங்கள் சான்றிதழோடு கோப்பில் சேர்த்துவிடும். பெறுபவரின் மென்பொருள் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கும். நீங்கள் கையொப்பமிட்ட பகுதியில் ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் எண் பொருந்தாது. கையொப்பம் செல்லாது என்று காட்டிவிடும். ஒட்டிய படம் இப்படி எதையும் காப்பாற்றாது. படத்துக்கு மேலே இருக்கும் தொகையை யாராவது மாற்றினாலும் படம் அப்படியேதான் இருக்கும்.

டிஜிட்டல் கையொப்பம் போடும் மென்பொருளுக்கும் பணம் வேண்டாம். அக்ரோபேட் ரீடரின் இலவசப் பதிப்பு, லிபர்ஆபிஸ், ஜேசைன்பிடிஎஃப், 2021இல் வந்த 21.04 பதிப்பு முதல் ஓகுலர் என்று எல்லாமே சான்றிதழ் கொண்டு கையொப்பமிடும். செலவு வருவது சான்றிதழுக்கு. நம்பகமான சான்றிதழ் நிறுவனம் உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்துத் தருவது அது; அதற்குப் பொதுவாகக் கட்டணம் உண்டு. சான்றிதழை நீங்களே உருவாக்கிக்கொள்ளவும் முடியும். அப்போது கோப்பு மாறவில்லை என்று நிரூபணமாகும், ஆனால் கையொப்பமிட்டவர் யார் என்று உறுதியாகவில்லை என்ற எச்சரிக்கை பெறுபவருக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் அறிந்தவர்களுக்குள் அது போதும், அலுவலகங்களுக்குப் போதாது.

டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் கோப்பை மேலே சொன்னபடி 'பிரின்ட் டு பிடிஎஃப்' செய்துவிடாதீர்கள். அச்செடுத்து ஸ்கேன் செய்வதும் கூடாது, வேறு கோப்போடு இணைப்பதும் கூடாது. பார்வைக்கு எல்லாம் அப்படியே இருக்கும், கையொப்பத்தின் உயிர் மட்டும் போயிருக்கும். நிரப்பவேண்டியதை எல்லாம் நிரப்பிவிட்டு, கடைசி வேலையாகக் கையொப்பமிடுங்கள். அப்புறம் அந்தக் கோப்பைத் தொடாமல் அப்படியே அனுப்புங்கள்.

எந்த ஆவணத்துக்கு எது செல்லும்? நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014ஆம் ஆண்டின் ஈஐடாஸ் விதிப்படி மின்கையொப்பங்களில் மூன்று படிகள் உண்டு. கையால் போட்ட கையெழுத்துக்குச் சமமான மதிப்பு மேல்படிக்கு மட்டும்தான். சாதாரண ஒப்பந்தம், விண்ணப்பம், அனுமதிக் கடிதம் போன்றவற்றுக்குப் படக் கையெழுத்தைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். உயில், நிலப் பத்திரம் போன்றவற்றில் அப்படி நினைத்துவிடாதீர்கள். 'படக் கையெழுத்துப் போதுமா, டிஜிட்டல் கையொப்பம் வேண்டுமா?' என்று பெறுபவரிடமே கேட்டுவிட்டால் இரண்டு முறை வேலை செய்ய வேண்டாம்.

கேட்காமலே ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அடையாள எண், கணக்கு எண் போன்றவற்றை மறைக்க மேலே கறுப்புப் பட்டை வரைந்தால் அது மறையாது. பட்டைக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்துக் காப்பி எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் வந்துவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் வழக்கறிஞர்களே இப்படிக் கறுப்பு பூசித் தாக்கல் செய்த ஆவணத்தின் ரகசிய வரிகளைச் செய்தியாளர்கள் காப்பி செய்து படித்துவிட்டார்கள். இங்கே 'பிரின்ட் டு பிடிஎஃப்'பையும் நம்பாதீர்கள், எழுத்து உள்ளே தங்கிவிடக்கூடும். லிபர்ஆபிஸில் 6.3 பதிப்பிலிருந்து 'ரிடாக்ட்' என்ற கருவி இருக்கிறது. அது பக்கத்தையே படமாக மாற்றித் தருவதால் அடியில் எழுத்து எதுவும் மிஞ்சாது. அல்லது பட்டை வரைந்தபின் அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, படத்தை மட்டும் அனுப்புங்கள்.

இணையத் தளங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எல்லாத் தளங்களும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஏற்றும் கோப்பு பெரும்பாலும் வேறு யாருடைய கணினிக்கோ போகிறது. சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று எழுதியிருப்பார்கள். அழித்தார்களா என்று பார்க்க உங்களுக்கு வழி இல்லை. பொதுவில் ஒட்டும் அறிவிப்பு என்றால் ஏற்றுங்கள், தவறில்லை. உங்கள் பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் சேர்ந்திருக்கும் ஒப்பந்தத்தை ஏற்றாதீர்கள். அந்தத் தளங்களின் வசதியே வேண்டும், கோப்பு வெளியே போகக் கூடாது என்றால் அதே வேலைகளைச் செய்யும் ஸ்டெர்லிங் பிடிஎஃப் என்ற மென்பொருளை உங்கள் கணினியிலேயே நிறுவி ஓட்டலாம்; நிறுவக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இனி உங்கள் ஒப்பந்தம். பெயரில் இருக்கும் பிழையை நீங்கள் திருத்தாதீர்கள். இரண்டு தரப்பு ஒப்புக்கொள்ளும் ஆவணத்தில் ஒரு தரப்பு தானாக எழுத்தை மாற்றினால், அது நல்ல எண்ணத்தில் செய்ததாகவே இருந்தாலும் பின்னால் பிரச்சினையாகும். அனுப்பியவருக்கு 'இரண்டாம் பக்கத்தில் என் பெயர் தவறாக இருக்கிறது, சரிசெய்து அனுப்புங்கள்' என்று எழுதுங்கள். மூலம் அவர்களிடம் இருக்கிறது, அரை நிமிட வேலை. அதே மின்னஞ்சலில் எந்த வகைக் கையொப்பம் வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். திருத்திய கோப்பு வந்ததும் முழுதாகப் படியுங்கள், பெயரைத் தவிர வேறு எதுவும் மாறவில்லையே என்று பாருங்கள். கட்டங்களை ஃபயர்ஃபாக்ஸிலோ ரீடரிலோ பிரிவியூவிலோ நிரப்புங்கள். படக் கையெழுத்துப் போதும் என்றால் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, தேதி எழுதி, 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்து அழுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிறகு அவர்களும் அதே கோப்பில் நிரப்ப வேண்டியது இருந்தால் மட்டும் அழுத்தாமல் அனுப்புங்கள். அழுத்தினால் அவர்களுடைய கட்டங்களும் போய்விடும். அனுப்புவதற்கு முன், நிரப்பிய கணினியில் பார்க்காமல் கைப்பேசியில் ஒருமுறை திறந்து, பத்துப் பக்கமும் வந்திருக்கிறதா, கையெழுத்து கோட்டின் மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.